அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஒருவர் போதாது

எங்கள் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். பாலிடெக்னிக் கடைசி வருஷத்தில் தொடங்கியது. இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது. கடலூர் முதுநகரில், பிறந்த வீட்டிலேயே இருக்கிறார். நான் தங்கை. கல்யாணமாகிப் புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கிறேன்.

இத்தனை காலத்தில் மருத்துவமனை வராந்தாக்களில் எத்தனையோ குடும்பங்களோடு பேசியிருக்கிறேன். நெய்வேலி, பண்ருட்டி, விழுப்புரம் என்று எங்கிருந்து வந்தாலும் நோயாளியோடு வருபவர் ஒரே ஆள்தான். பெரும்பாலும் அம்மா. அம்மா இல்லாவிட்டால் மனைவி, மனைவியும் இல்லாவிட்டால் அக்காவோ தங்கையோ. மாசா மாசம் அதே முகம், அதே கட்டைப் பை, உள்ளே அதே பழைய சீட்டுகள். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று அவரை யாரும் கேட்பதில்லை. எவ்வளவு பாசம் இருந்தாலும் இந்த வேலை ஒரே ஆள் தலையில் விழக் கூடாது. விழுந்தால் அந்த ஆளும் கெடுவார், நோயாளியும் கெடுவார். எங்கள் வீட்டில் இது புரிய ரொம்ப நாள் ஆனது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் எங்களுக்கும் எல்லோருக்கும் நடப்பதுதான் நடந்தது. அண்ணன் தூங்குவதை விட்டார், குளிப்பதை விட்டார், ஜன்னலை அடைத்துக்கொண்டு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றார். காத்து கருப்பு என்றார் அத்தை. செய்வினை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மந்திரித்தோம், தாயத்துக் கட்டினோம். திருச்சி பக்கம், மனநோயாளிகளைக் கூட்டிப்போகும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் அம்மா ஒரு மண்டலம் அண்ணனோடு தங்கினார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அண்ணனுக்கு மட்டும் கேட்ட குரல்கள் அங்கே நிற்கவில்லை, உண்மைதான். ஆனால் அண்ணனை யாரும் முறைத்துப் பார்க்காத ஓர் இடம் அம்மாவுக்கு அங்கேதான் முதலில் கிடைத்தது. தன்னைப் போலவே மகனையோ மகளையோ கூட்டி வந்த அம்மாக்களோடு வாய்விட்டுப் பேசினார். பிறகு புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனையில் வைத்தியம் ஆரம்பித்தபோதும் அம்மா சனிக்கிழமை விரதத்தை விடவில்லை, மருத்துவரும் விடச் சொல்லவில்லை. "கோயிலுக்குப் போங்க, மாத்திரையையும் போடுங்க" என்றார். கோயிலா மருத்துவமனையா என்று சண்டை போடும் வீடுகளில் நோயாளியின் வைத்தியம்தான் தள்ளிப்போகிறது.

அண்ணனை ராமநாதபுரம் பக்கம், தர்கா இருக்கும் ஏர்வாடியில் விட்டுவிடலாம் என்றும் ஒரு பேச்சு இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். பேப்பரைப் படித்த அம்மா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. ஆனால் அன்றைக்கே அம்மா மனதில் இன்னொன்றும் முடிவாகிவிட்டது: இனி நான் ஒருத்திதான் இவனுக்கு. அடுத்த பதினைந்து, பதினாறு வருஷம் எங்கள் வீடு அந்த முடிவின்படிதான் நடந்தது.

கோரிமேட்டுக்கு முதல் பஸ் பிடித்துப் போய், சீட்டுப் போட்டு, காத்திருந்து, மருந்து வாங்கி, சாயங்காலம் கடலூர் திரும்புவது வரை எல்லாம் அம்மா. எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி, எந்தக் குழம்பு வைத்தால் சாப்பிடுவார், எந்த உறவுக்காரர் வந்தால் பதற்றப்படுவார் என்பதெல்லாம் அம்மாவின் தலைக்குள் மட்டுமே இருந்தன. கல்யாணம், காதுகுத்து, சாவு எதற்கும் அம்மா போகவில்லை. அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். சம்பளம் கொண்டுவந்தார். வீட்டுக்கு வந்தால் "தண்டச்சோறு" என்று ஒரு வார்த்தை, எழுந்து போய்விடுவார். அவர் கெட்டவர் இல்லை. நன்றாகப் படித்த மகன் இப்படிப் படுத்தே கிடப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தார். படுத்துக் கிடப்பதும், பேசாமல் இருப்பதும், ஆசையே இல்லாமல் போவதும் இந்த நோயின் குறிகள்தான் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. குரல் கேட்பதை நோய் என்று ஒத்துக்கொள்ளும் வீடுகள்கூட இதை நோய் என்று ஒத்துக்கொள்வதில்லை. அதிகத் திட்டு விழுவதும் இதற்காகத்தான்.

இதைப் பற்றிப் பல வருஷம் கழித்து ஒரு மனநலச் சமூகப் பணியாளர் எனக்கு விளக்கினார். லண்டனில் 1950களில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மருத்துவமனையில் குணமாகி அனுப்பப்பட்டவர்களில், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களுக்குத்தான் நோய் அதிகமாகத் திரும்பியது. உடன்பிறந்தவர்கள் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கியவர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஏன் என்று தேடியபோது வீட்டுப் பேச்சு பிடிபட்டது. ஓயாமல் குறை சொல்வது, வெறுத்துப் பேசுவது, அப்புறம் மூன்றாவதாக, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பது. இந்த மூன்றாவதைக் கேட்டபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. முப்பது வயது மகனுக்குச் சோறு பிசைந்து கையில் உருட்டிக் கொடுப்பார். அவர் கதவைச் சாத்தினால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். அப்பாவின் திட்டும் அம்மாவின் பாசமும் எதிரெதிர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அண்ணனுக்கு இரண்டுமே மூச்சு முட்டுபவையாக இருந்திருக்கின்றன.

கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் என்ற லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1976-ல் வெளியிட்ட கணக்கில் இன்னொரு விஷயம் இருந்தது, எனக்கு அதுதான் ரொம்ப உதவியது. அப்படிப்பட்ட வீடுகளில், மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் அந்த உறவினரோடு முகத்துக்கு முகம் இருந்தவர்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. 35 மணிக்குக் குறைவாக இருந்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குத்தான். அதே வீடு, அதே குணம், அதே மருந்து. நேரத்தைக் குறைத்தாலே இவ்வளவு வித்தியாசம்! எங்கள் அம்மா அண்ணனோடு இருந்த நேரத்தைக் கணக்குப் போட்டால் அந்த 35 மணி புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடும்.

இந்த ஆராய்ச்சியைக் காட்டிக் குடும்பத்தைக் குற்றவாளி ஆக்குகிறவர்களும் உண்டு. அது தப்பு. இதற்கு முன்னாடியே அமெரிக்காவில் அம்மாவின் வளர்ப்பால்தான் மனச்சிதைவு வருகிறது என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. பிள்ளை நோயில் கிடக்க, பழியும் அம்மா மீது. அந்த மாதிரிக் காலத்தைக் கண்ட பெற்றோர்கள்தான் 1979-ல் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் ஒன்றுகூடிச் சங்கம் தொடங்கினார்கள். அதைத் தொடங்கிய இரண்டு பெண்மணிகளின் மகன்களுக்கும் இதே நோய். நோய் வீட்டால் வருவதில்லை. வந்த பிறகு வீட்டுச் சூழல் அதை ஆற்றவோ கிளறவோ செய்யும், அவ்வளவுதான்.

நம் நாட்டைப் பற்றியும் கேட்டேன். சண்டிகரில் டாக்டர் விக் குழுவினரும் லண்டன் குழுவும் சேர்ந்து இதையே ஆராய்ந்து 1987-ல் வெளியிட்டார்கள். சண்டிகர் உறவினர்கள் லண்டன்காரர்களைவிட மிகக் குறைவாகவே குறை சொன்னார்கள். கிராமத்து வீடுகளில் இன்னும் குறைவு. இதைச் சொல்லி நம் குடும்ப அமைப்பே உயர்ந்தது என்று பெருமைப்படுவார்கள். எனக்கு அந்தப் பெருமையில் முழு சம்மதம் இல்லை. அன்றைய பெரிய வீட்டில் தாத்தா, பெரியப்பா, சித்தி, பத்துப் பிள்ளைகள் என்று நேரமும் கோபமும் பல பேரிடம் பிரிந்து போயின. இன்றைக்கு முதுநகரில் எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடுகூட இல்லை. ஆனால் அந்த எதிர்பார்ப்பு மட்டும் மாறாமல் இருக்கிறது. பத்துப் பேர் பார்த்த வேலையை ஒரு அம்மா பார்க்க வேண்டும் என்கிறோம்.

ஜப்பானில் இதைச் சட்டமே செய்தது. 1900-ல் வந்த சட்டப்படி, குடும்பத்தார் போலீசில் அனுமதி வாங்கி நோயாளியை வீட்டுக்குள்ளேயே அறை கட்டி அடைத்து வைக்கலாம், பொறுப்பு குடும்பத்துடையது. குரே ஷூஸோ என்ற மருத்துவர் ஊர் ஊராக அந்த அறைகளைப் பார்க்க ஏற்பாடு செய்து 1918-ல் அறிக்கை எழுதினார். இந்த நோய் வந்த துயரம் ஒன்று, இந்த நாட்டில் பிறந்த துயரம் இன்னொன்று என்று அதில் எழுதியிருக்கிறார். அடைத்து வைப்பது 1950-ல் ஒழிந்தது. ஆனால் குடும்பத்தில் ஒருவரைச் சட்டப்படி பாதுகாவலர் ஆக்கி, வைத்தியத்துக்குச் சேர்க்கும் பொறுப்பை அவர்மேல் சுமத்தும் முறை 2013-ல் சட்டம் திருத்தப்படும் வரை இருந்தது. நம்மிடம் அப்படிச் சட்டம் இல்லை. வழக்கம் இருக்கிறது, இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்.

எதிர்ப்பக்கம் பெல்ஜியத்தில் ஹேல் என்ற ஊர். அங்கே புனித டிம்ஃப்னா தேவாலயத்துக்கு, நம் குணசீலத்துக்கு வருகிற மாதிரியே, மனநோயாளிகளைக் கூட்டி வருவார்கள். தேவாலயத்தில் இடம் போதாமல் ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் தங்கவைத்தார்கள். அது பல நூறு வருஷமாகத் தொடர்கிறது. 1930களின் கடைசியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஊர் வீடுகளில் இருந்தார்கள். இப்போது எண்ணிக்கை ரொம்பக் குறைந்துவிட்டாலும் முறை இருக்கிறது, பின்னால் ஒரு மருத்துவமனையும் துணை நிற்கிறது. பெற்ற பாசமும் இல்லை, பெற்ற கோபமும் இல்லை. சாப்பாடு, வேலை, ஒரு அறை. ஊரே பழகியிருப்பதால் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. எங்கள் தெருவை ஹேல் ஆக்க முடியாது. ஆனால் ஒரு தெருவில் நாலு பேரைப் பழக்க முடியும்.

எங்கள் வீட்டில் அது தானாக நடக்கவில்லை. அப்பா போன பிறகு அம்மா ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன், படுக்கை. அண்ணனுக்கு எந்த மாத்திரை எப்போது என்று மயக்கம் தெளிந்த அம்மாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அப்போதுதான் சித்தப்பா மகனையும் அவன் மனைவியையும், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற டீச்சரையும் உட்கார வைத்துப் பேசினேன். "அண்ணனைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். எது, எப்போது, எவ்வளவு நேரம் என்று துண்டு துண்டாகக் கேட்டேன். சித்தப்பா மகனுக்கு, அதாவது எங்கள் தம்பிக்கு, மளிகைக் கடை. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை அண்ணன் அங்கே பருப்பு, மிளகாய் பொட்டலம் போட வேண்டும். கூட்ட நேரத்தில் வேண்டாம், கல்லாப் பக்கம் வேண்டாம், வாரக் கூலியை அண்ணன் கையிலேயே கொடுக்க வேண்டும். ராத்திரி மாத்திரையைக் கொடுத்து நோட்டில் டிக் போடுவது தம்பி மனைவி. சாயங்காலம் டீச்சர் வீட்டுத் திண்ணையில் பேப்பர் படிப்பது. மாதாந்திர மருத்துவமனையும் ரத்தப் பரிசோதனையும் நான். அம்மாவுக்கு எஞ்சியது மகனோடு சாப்பிடுவதும் சீரியல் பார்ப்பதும். பழைய அம்மா அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தார்.

அண்ணன் முதல் வாரம் கடைக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிடுவார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவன் செய்த பெரிய உதவி. "ஏன் வரலை?" என்று கேட்பதற்குப் பதில் "நாளைக்குத் துவரம்பருப்பு வருது" என்பான். இப்போது கடைக்குப் போகாத நாள் அண்ணனுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறது.

மாத்திரை விஷயத்தில் சிலவற்றை விவரமாகச் சொல்ல வேண்டும். மருந்தை நிறுத்தினால் அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உடம்பை என்ன செய்கிறது என்று முதலில் கேளுங்கள். அண்ணனுக்கு ஆரம்பத்தில் கொடுத்த மருந்தில் கை நடுங்கியது, உடம்பு விறைத்தது, உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தார். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மாற்றலாம், விறைப்புக்குத் தனி மாத்திரை தரலாம். அண்ணன் சொல்லாமல் நிறுத்தினார், நோய் திரும்பியது. உறவுக்காரர் ஒருவர் யோசனையில் மோரில் கலந்து கொடுத்தார்கள். அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். ஏற்கெனவே சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று பயப்படுபவரிடம் அது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். பல மாதம் வீட்டில் கை நனைக்கவில்லை. ஊர் ஊராக வீடுகளில் இது நடக்கிறது, வேறு வழி தெரியாமல்தான் செய்கிறார்கள். ஆனால் வழி இருக்கிறது. இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி உண்டு. தினமும் மாத்திரை நேரத்தில் நடக்கும் சண்டை அதோடு நின்றது. நோயாளியிடம் கேட்டுத்தான் போடுவார்கள், அண்ணன் "அதுவே பரவாயில்லை" என்றார்.

பிறகு குரல்கள் முழுசாக அடங்காததால் குளோசபின் என்ற மருந்து கொடுத்தார்கள். இரண்டு மருந்துகளுக்குக் கேட்காத நோய்க்கு இதுதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. வெள்ளணு குறைய வாய்ப்பு இருப்பதால் முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மாதம் ஒருமுறை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் வெறும் காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு இருக்காமல் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கலைச் சாதாரணமாக விடக் கூடாது, இந்த மருந்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். ராத்திரி எச்சில் ஒழுகும், தலையணைக்கு மேல் ஒரு துண்டு போட்டு வைத்தால் போதும், கிண்டல் செய்யாதீர்கள். எடையும் சர்க்கரையும் ஏறும். பீடி, சிகரெட்டைத் திடீரென நிறுத்தினாலோ கூட்டினாலோ ரத்தத்தில் மருந்தின் அளவு மாறும், அதனால் நிறுத்தப் போகிறார் என்றால் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி ஆரம்பிக்கக் கூடாது. மருத்துவரைக் கேட்டுக் குறைந்த அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டும்.

கடலூர், புதுச்சேரிக்காரர்கள் இந்தக் கடைசி விஷயத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. மரங்கள் விழுந்து ரோடு அடைபட்டது, கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது. 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று மழைக்காலம் நம்மை விட்டுவைப்பதில்லை. அக்டோபரிலேயே மருத்துவரிடம் சொல்லி ஒரு மாத மருந்து கூடுதலாக எழுதி வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உயரத்தில் வைத்துவிடுவோம். மருந்துச் சீட்டின் படம் எங்கள் நாலு பேர் போனிலும் இருக்கிறது. புயல் அன்றைக்கு ஓட்டின் சத்தம், இருட்டு, வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் அடைந்திருப்பது எல்லாமே இந்த நோயாளிகளுக்குக் கடினம். ஒரு டார்ச்சும் காதில் வைத்துப் பாட்டுக் கேட்க ஒன்றும் அவர் கையில் கொடுத்துவிடுவோம்.

நோட்டைப் பற்றிச் சொன்னேன். அதில் மாத்திரை டிக் தவிர இன்னொரு பக்கம் இருக்கிறது: அண்ணனுக்கு நோய் திரும்பப் போகிறது என்றால் என்னென்ன தெரியும் என்று. அண்ணனையும் உட்கார வைத்துத்தான் எழுதினோம். முதலில் தூக்கம் குறையும். ஷேவ் செய்வதை விடுவார். டீச்சர் வீட்டுக்குப் போக மாட்டார். ஜன்னலைச் சாத்துவார். இதில் இரண்டு சேர்ந்து சில நாள் இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நான் கிளம்பி வந்துவிடுவேன். ஒவ்வொருவருக்கும் இந்தக் குறிகள் வேறு, உங்கள் ஆளுக்கு என்ன என்று நீங்கள்தான் எழுத வேண்டும். குரல் சொல்வதை அவர் நம்பும்போது "அப்படி ஒண்ணும் இல்லை" என்று வாதாடிப் பயனில்லை, "ஆமாம்" என்று தலையாட்டவும் கூடாது. "எனக்குக் கேட்கலைண்ணா, ஆனா உனக்குக் கேட்கிறது கஷ்டமா இருக்குன்னு தெரியுது" என்று சொல்லப் பழகினோம். சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாமல் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. காசு இல்லை, தமிழில் பேசலாம், பார்த்துக்கொள்பவரும் தனக்காகக் கூப்பிடலாம். நானே ராத்திரி நேரத்தில் கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன்.

காகித வேலையும் பங்கு போட வேண்டியதுதான், ஆனால் ஒருவர் தெரிந்து செய்ய வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் 21 வகைகளில் ஒன்று. பாதிப்பு 40 சதவீதம் இருந்தால் சலுகைகளுக்குத் தகுதி. கையைக் காலைப் பார்த்துச் சொல்கிற மதிப்பீடு இல்லை இது. தன்னைக் கவனித்துக்கொள்வது, பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்கையும், எத்தனை வருஷ நோய் என்பதையும் பார்ப்பார்கள். மதிப்பீடு அன்றைக்குப் பார்த்து அம்மா அண்ணனைக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, "டாக்டர் கேட்டா நல்லா பேசுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்! குறைந்த சதவீதம்தான் வந்தது. மறுமதிப்பீட்டுக்குப் போனபோது, சொல்லாவிட்டால் எத்தனை நாள் குளிக்க மாட்டார், தனியாக பஸ்ஸில் போக முடியுமா, பணத்தை எண்ண முடியுமா என்று வீட்டு நடப்பை எழுதி, பழைய சீட்டுகளோடு கொடுத்தேன். பெருமைக்கு இடம் கொடுக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வீட்டில் யாராவது அரசு ஊழியராக இருந்தால் ஒன்று. மனநோயால் சம்பாதிக்க முடியாத மகனோ மகளோ, பெற்றோருக்குப் பிறகு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெற விதி இருக்கிறது. அவர் பெயரையும் நோயையும் ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே பதிந்துவிட்டால் பின்னால் அலைச்சல் குறைவு. எங்களுக்கு அப்பா போன பிறகுதான் தெரிந்தது. ஓர் அலுவலகத்தில் அந்தக் கோப்பு எத்தனை மேசை மாறியது என்று சொன்னால் உங்களுக்கு அலுத்துவிடும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு ஒரு உரிமை தருகிறது. தெளிவாக இருக்கும்போதே, பின்னால் முடியாத நிலை வந்தால் தனக்காகப் பேச வேண்டியவர் யார், எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். சங்கிலியில் கட்டுவதும், மயக்க மருந்து இல்லாமல் ஷாக் கொடுப்பதும் அந்தச் சட்டப்படி கூடாது. அண்ணனிடம் யாரைப் போடலாம் என்று கேட்டபோது அம்மாவைச் சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. தம்பியைச் சொன்னார். எனக்கு முதலில் சுருக்கென்றது. யோசித்தால் சரிதான். தினமும் பார்ப்பவன் அவன், திட்டாதவன் அவன்.

என் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணன் விஷயத்தை மறைத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே நான் சொல்லிவிட்டேன். இரண்டு இடம் தட்டிப்போனது. இது பரம்பரையா என்று கேட்டவர்களுக்கு மருத்துவர் சொன்ன கணக்கையே சொன்னேன்: பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருவது, உடன்பிறந்தவருக்கு நூற்றில் ஒன்பது பேருக்கு வரலாம். அப்படியானால் நூற்றில் தொண்ணூற்றொரு பேருக்கு வராது. கேட்டுவிட்டுச் சம்மதித்தவரைத்தான் கட்டிக்கொண்டேன். அதனால்தான் இன்றைக்கு மாதம் ஒருமுறை அண்ணனோடு கோரிமேட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார என்னால் முடிகிறது. மறைத்துக் கல்யாணம் செய்த பெண்களை எனக்குத் தெரியும். அண்ணனையோ தம்பியையோ பார்க்கக்கூட அவர்களால் வர முடிவதில்லை.

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் இடம் இல்லாததால் வளாகத்தில் கூடாரம் போட்டு, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் இன்றும் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்குவதுதான் முறை. மனநல மருத்துவர் சாரதா மேனன் அம்மா மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பும் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டே வேலை செய்கிறது. குடும்பத்தை வெளியே நிறுத்தாத இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அங்கே தங்கப் போகிறவர் ஒவ்வொரு முறையும் அதே ஆளாக இருக்க வேண்டியதில்லை. முதல் வாரம் அம்மா என்றால் அடுத்த வாரம் சித்தப்பா மகன் போகட்டும். மருத்துவர் சொல்வதை இரண்டு பேர் நேராகக் கேட்டிருந்தால் வீட்டுக்கு வந்த பிறகு வாக்குவாதம் பாதி குறையும்.

தம்பியின் மகள் இப்போது பிளஸ் டூ. பெரியப்பாவோடு சின்ன வயதிலிருந்தே பழகியவள், அவர் தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் பயப்படாமல் பக்கத்தில் போய் உட்காருவாள். அடுத்த மாதம் அவளையும் ஒருமுறை ஓபிக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். அவளுக்குப் பொறுப்பைக் கட்டிவிட இல்லை, சீட்டு எங்கே போடுவது, எந்த அறை, மருந்து எந்த ஜன்னலில் என்று இன்னொரு ஆளுக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான். உங்கள் வீட்டிலும் அடுத்த முறை போகும்போது, இதுவரை வராத ஒருவரை உடன் கூட்டிப் போங்கள்.